சோடா கம்பெனியை நிற்க வைப்பது ரெசிபியா, காலி பாட்டிலா? பார்சி ராஸ்பெர்ரி சோடாவை வைத்து ஒரு எளிய விளக்கம்

மும்பைக்கோ புனேக்கோ போய் ஒரு பழைய இரானி ஓட்டலில் சாப்பிட்டு வந்தவர்கள் போடும் படங்களில் ஒரு சிவப்பு பாட்டில் தவறாமல் இருக்கும். அதற்குக் கீழே எழுதுவதும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும். ஈரானிலிருந்து அகதிகளாக வந்தவர்கள் கையோடு கொண்டுவந்த பானம் என்பார்கள், ராஸ்பெர்ரிப் பழச்சாறு என்பார்கள், தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றும் ரகசியக் கலவை என்பார்கள், கடைசியில் பெப்சியும் கோக்கும் வந்து ருசியில் அடித்து ஒழித்துவிட்டன என்று முடிப்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் இதில் எதுவுமே சரியில்லை. சரியில்லாத இந்தக் கதையால் அந்தச் சின்ன கம்பெனிகள் 140, 160 வருஷம் எப்படித் தாக்குப்பிடித்தன என்கிற உண்மையான சாமர்த்தியம் கண்ணில் படாமலே போகிறது. அதனால்தான் இதை அடியிலிருந்து எழுதுகிறேன். வேதியியலோ வணிகமோ படித்திருக்க வேண்டியதில்லை.

## முதலில், இவர்கள் யார்

ஈரானிலிருந்து வந்த ஜொராஸ்ட்ரியர்கள், அதாவது ஜரதுஷ்டிரர் வழி மதத்தைச் சேர்ந்தவர்கள், எல்லாரையும் ஒரே கூட்டமாகப் பேசுவது வழக்கமாகிவிட்டது. உண்மையில் இரண்டு அலைகள். முதல் அலை 8 முதல் 10ஆம் நூற்றாண்டுக்குள் கடல் வழியாகக் குஜராத் கரைக்கு வந்தது. சஞ்சான் என்ற ஊரில் இறங்கியதாக அவர்கள் மரபு சொல்கிறது. குஜராத்தி பேசி, அந்த மண்ணிலேயே கலந்து, பிறகு பம்பாய் வளர வளர அங்கே போய் வியாபாரத்தில் இறங்கியவர்கள். இவர்கள்தான் பார்சிகள். இரண்டாவது அலை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் யஜ்த், கெர்மான் பகுதிகளிலிருந்து வறுமையும் ஒடுக்குமுறையும் தாங்காமல் கிளம்பி வந்தது. இவர்கள் இரானிகள். தெருமுனைகளில் டீக்கடை, பேக்கரி போட்டது பெரும்பாலும் இவர்கள்தான்.

சோடாத் தொழிலில் இரண்டு தரப்பும் இருந்தார்கள். மும்பையில் பல்லோன்ஜி கம்பெனி 1865இல் தொடங்கியது. புனே கேம்ப் பகுதியில் ஆர்தேஷிர் அண்ட் சன்ஸை ஆர்தேஷிர் கோதாதாத் இரானி என்பவர் 1884இல் ஆரம்பித்தார். மும்பையில் டியூக்ஸை 1889இல் தின்ஷா பாண்டோலே தொடங்கினார். அவர் கிரிக்கெட் ஆட்டக்காரர். டியூக் என்ற இங்கிலாந்து கிரிக்கெட் பந்தின் பெயரையே தன் சோடாவுக்கும் வைத்துவிட்டார்.

இந்த வருஷங்களைக் கொஞ்சம் கவனியுங்கள். மூன்றுமே வெள்ளைக்காரன் காலம், மூன்றுமே வெள்ளைக்காரன் குடியிருந்த ஊர். புனே கேம்ப் என்பது ராணுவ கன்டோன்மென்ட். விஸ்கியில் கலக்கவும், நம்பிக் குடிக்க முடியாத ஊர்த் தண்ணீருக்குப் பதிலாகவும் ஆங்கிலேயர்களுக்கு சோடா தேவைப்பட்டது. இஞ்சி, எலுமிச்சை, ராஸ்பெர்ரி எல்லாம் அவர்கள் ஊரில் அப்போது பழகிய ருசிகள். இந்தக் கம்பெனிகள் போட்ட கலர்களும் அதேதான். ஈரானிய மரபில் பானம் என்றால் சர்பத், காடியும் தேனும் சேர்ந்த செக்கன்ஜபீன், தயிரில் செய்யும் தூக். அந்த மரபிலிருந்து நிஜமாகவே பார்சி வீட்டுக்கு வந்து தங்கியது நவ்ரோஸ் என்ற புத்தாண்டு அன்று குடிக்கும் ஃபலூடா. சிவப்பு சோடா அந்த வரிசையில் வராது.

குழப்பம் எங்கிருந்து வந்தது என்றும் ஊகிக்கலாம். மும்பை பல்லார்ட் எஸ்டேட்டில் 1923 முதல் இருக்கும் பிரிட்டானியா ஓட்டலில் பெர்ரி புலாவும் ராஸ்பெர்ரி சோடாவும் ஒரே மேஜைக்கு வரும். புலாவில் தூவும் புளிப்புப் பெர்ரி ஈரானில் விளைகிற ஜெரெஷ்க், அது நிஜமாகவே ஈரானியச் சரக்கு. பக்கத்தில் இருக்கிற பாட்டிலிலும் பெர்ரி என்று இருப்பதால் அந்தப் பெருமை இதற்கும் ஒட்டிக்கொண்டது.

இதுவரை பார்த்தது: இதைச் செய்தவர்கள் ஈரான் வேர் கொண்டவர்கள், ஆனால் பானம் ஈரானியம் அல்ல. ஆங்கிலேய ருசியை எடுத்து, அவர்களுக்கே விற்று, அப்புறம் தங்கள் பந்திக்கும் ஓட்டலுக்கும் சொந்தமாக்கிக்கொண்டார்கள்.

## பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது

மூடியைத் திறந்து கண்ணாடி டம்ளரில் ஊற்றினால் ரத்தச் சிவப்பாக நுரைத்துக்கொண்டு இறங்கும், நுரைகூட லேசான ரோஸ் நிறத்தில் நிற்கும். முதல் வாயில் இனிப்பு, உடனே ஒரு சுருக், அப்புறம் மூக்கில் பெர்ரி வாசனை. குடித்து முடித்துக் கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்த்தால் சிவந்திருக்கும். குழந்தைகளுக்கு அதுதான் பாதி சந்தோஷம்.

இதைப் பிரித்தால் ஐந்து பொருள்தான்: தண்ணீர், சர்க்கரை, சிட்ரிக் அமிலம், எசன்ஸும் நிறமும், கேஸ். எசன்ஸ் என்பது ஒரு பழத்தின் வாசனையைத் தரும் மூலப்பொருள்களை மட்டும் செறிவாகக் கலந்து வைத்த திரவம். துளி அளவே போதும், பழம் தேவையில்லை. இந்தியாவில் இப்படிப்பட்ட பானங்களின் லேபிளில் பழம் இல்லை, சுவையூட்டி சேர்த்தது என்று அச்சிடும் வழக்கம் இருப்பது இதனால்தான். அந்தப் பொடி எழுத்தை யாரும் படிப்பதில்லை.

பழம் இல்லை என்றதும் ஏமாற்று வேலை என்று முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. ராஸ்பெர்ரி குளிர்ப் பிரதேசத்துச் செடி, பறித்த இரண்டொரு நாளில் குழைந்துவிடும் பழம். 1880களில் மும்பை வெயிலில் அந்தப் பழத்தை வைத்து யாராலும் தொழில் செய்திருக்க முடியாது. நம் ஊர்ப் பெட்டிக்கடை ஆரஞ்சு கலரில் எவ்வளவு ஆரஞ்சு இருந்ததோ அவ்வளவுதான் இதிலும் ராஸ்பெர்ரி.

எசன்ஸ் கடையில் கிடைக்கிறது, சர்க்கரை கிடைக்கிறது, அமிலமும் நிறமும் கிடைக்கிறது. அளவு விகிதத்தில் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு கைப்பக்குவம் இருக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பக்குவம் மட்டுமே 150 வருஷம் பூட்டிக் காத்த பொக்கிஷம் என்றால் பக்கத்துத் தெருக்காரர் பத்து முறை கலந்து பார்த்துக் கிட்டத்தட்ட அதே ருசியைப் பிடித்திருப்பார்.

## தண்ணீருக்குள் கேஸ் எப்படி உட்காருகிறது

சோடா என்றதும் சமையல் சோடா போட்டது என்று இன்னும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். பாட்டிலில் இருக்கும் கேஸ் கரியமில வாயு, அதாவது நாம் மூச்சில் வெளியே விடுகிற அதே கார்பன் டை ஆக்ஸைடு. அதை அழுத்தம் கொடுத்துத் தண்ணீரில் கரைப்பதற்குக் கார்பனேற்றம் என்று பெயர். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஜோசப் பிரீஸ்ட்லி 1767இல் பீர் தயாரிக்கும் தொட்டிக்கு மேலே தேங்கி நின்ற வாயுவைத் தண்ணீரில் கலந்து பார்த்தார். ஜெனீவாவில் யோஹான் யாகோப் ஷ்வெப் 1783இல் அதையே வியாபாரமாக்கினார்.

இதற்கு இரண்டு விதிதான். தண்ணீர் எவ்வளவு குளிர்ச்சியோ அவ்வளவு வாயு கரையும், அழுத்தம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு வாயு கரையும். சாதாரணக் காற்றழுத்தத்தில் 25 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் முக்கால் லிட்டர் கரியமில வாயுவைத்தான் ஏற்கும். உறையும் நிலைக்குக் கொண்டுபோனால் சுமார் 1.7 லிட்டர் ஏற்கும். நன்றாகச் சுருக்கென்று இருக்கும் ஒரு குளிர்பானத்தில் லிட்டருக்கு மூன்றரை முதல் நான்கு லிட்டர் வாயு இருக்கிறது. மிச்சம் முழுவதும் அழுத்தத்தால் உள்ளே அடைபட்டிருப்பது. அதனால்தான் வெயிலில் கிடந்த பாட்டிலைத் திறந்தால் சீறிக்கொண்டு வெளியே வருகிறது, அதே பாட்டில் ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்தால் அடக்கமாகத் திறக்கிறது.

நாக்கில் வரும் அந்தச் சுருக் குமிழி வெடிப்பதால் வருவதில்லை என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். கரைந்த வாயுவில் ஒரு பகுதி வாயில் கார்பானிக் அமிலமாக மாறுகிறது, குத்துவது அந்த அமிலம். அழுத்த அறைக்குள் ஆட்களை உட்காரவைத்து, குமிழியே வராத நிலையில் சோடா குடிக்கக் கொடுத்தபோதும் சுருக் அப்படியே இருந்ததாக ஆய்வில் பார்த்திருக்கிறார்கள்.

சரி, இவ்வளவு அழுத்தத்தை அடைத்துவைக்க ஒரு பாத்திரம் வேண்டுமே. தடித்த கண்ணாடி வேண்டும், கசியாத மூடி வேண்டும். 1872இல் ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் காப்புரிமை வாங்கிய பாட்டிலில் கழுத்துக்குள் ஒரு கண்ணாடிக் கோலியும் ஒரு ரப்பர் வளையமும் இருக்கும், உள்ளே இருக்கும் கேஸே கோலியை மேலே தள்ளி வளையத்தோடு அழுத்தி அடைத்துக்கொள்ளும். நம் கோலி சோடா அதேதான். 1892இல் அமெரிக்காவில் வில்லியம் பெயின்டர் பல்பல்லாக மடித்த தகர மூடியைக் கண்டுபிடித்தார். இன்றைக்கும் ஓப்பனரால் திறக்கும் மூடி அது.

சுருக்கமாகச் சொன்னால்: உள்ளே இருக்கும் பொருள்கள் மலிவு, எவருக்கும் கிடைக்கும். கேஸ் ஏற்றும் நுட்பமும் ரகசியமில்லை. விலை கூடின பொருள் பாட்டில்தான்.

## காலி பாட்டில் திரும்பி வர வேண்டும்

இனி அசல் விஷயம். வீட்டுக்கு வரும் 20 லிட்டர் தண்ணீர் கேனை நினைத்துக்கொள்ளுங்கள். காலி கேனைக் கொடுத்தால்தான் நிறைந்த கேன் வரும், முதல் தடவை மட்டும் டெபாசிட். கேன்காரர் நம்மிடம் விற்பது தண்ணீரை மட்டும்தான், கேன் எப்போதும் அவருடையது. ஒரு கேன் தொலைந்தால் பல நாள் லாபம் போச்சு.

கண்ணாடி பாட்டில் சோடா நூறு வருஷத்துக்கு மேல் இந்தக் கணக்கில்தான் ஓடியது. ஒரு பாட்டில் எத்தனை முறை திரும்பி வருகிறதோ அத்தனையாக அதன் விலை பிரிந்துவிடும். ஒரே முறை போய்த் தொலைந்தால் உள்ளே இருந்த பானத்தைவிட பாட்டிலுக்குத்தான் அதிகம் செலவாகியிருக்கும். திரும்பி வந்ததைச் சும்மா நிரப்பவும் முடியாது. சூடான காஸ்டிக் சோடாத் தண்ணீரில் ஊறவைத்து, பிரஷ் விட்டு, நல்ல தண்ணீரில் அலசி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்து, வாய் உடைந்ததையும் உள்ளே எறும்பு, ஸ்ட்ரா துண்டு சிக்கியதையும் ஒதுக்க வேண்டும். பட்டறையில் வேலையின் பெரும்பகுதி இதுதான், கலர் கலக்குவது கொஞ்ச நேர வேலை.

கண்ணாடி கனமானது வேறு. வண்டி போகும்போதும் கிரேட் நிறையக் கண்ணாடி, வரும்போதும் கிரேட் நிறையக் கண்ணாடி. தூரம் கூடக் கூட டீசல் செலவும் உடைசலும் லாபத்தைத் தின்றுவிடும். அதனால் சின்னச் சோடா கம்பெனி என்றால் பட்டறையைச் சுற்றி ஒரு வட்டம், அந்த வட்டத்துக்குள் வண்டி தினமும் போய்வரும் கடைகள். இதை விநியோக வட்டம் என்று வைத்துக்கொள்வோம். விருதுநகரில் 1916இல் தொடங்கிய காளிமார்க் உட்பட அந்தக் காலத்துச் சோடா கம்பெனிகள் எல்லாம் ஊரோடு ஒட்டியே வளர்ந்ததற்கு இந்தக் கனமும் ஒரு காரணம்.

ரெசிபியைவிட விநியோகம் பெரிது என்று சொன்னால் நம்பாதவர்களுக்கு கோகோ கோலாவின் கதையே சாட்சி. 1899இல் சட்டனூகா நகரைச் சேர்ந்த இரண்டு வக்கீல்களுக்கு, அமெரிக்காவின் பெரும்பகுதியில் கோக்கை பாட்டிலில் அடைத்து விற்கும் உரிமையை அந்தக் கம்பெனி வெறும் 1 டாலருக்கு எழுதிக் கொடுத்தது. அன்றிலிருந்து கம்பெனி கான்சன்ட்ரேட் செய்யும், அதாவது ருசிக்கான செறிவான மூலக்கலவையை மட்டும் விற்கும். தண்ணீர், கேஸ், பாட்டில், வண்டி எல்லாம் உள்ளூர் பாட்டிலிங்காரர் பொறுப்பு. உலகம் முழுக்கப் பரவியது இந்த ஏற்பாட்டின் பலத்தில்தான். இரண்டாவது பாட்டில் விற்க ருசி வேண்டும் என்பது உண்மை, ஆனால் முதல் பாட்டில் கடைக்குப் போய்ச் சேர வண்டி வேண்டும்.

## சமூகம் எங்கே உள்ளே வருகிறது

இந்த இடத்தில்தான் பார்சிகளும் இரானிகளும் முக்கியமாகிறார்கள். ஒரு சமூகம் சின்னதாக இருந்து, ஒரே நகரத்தின் சில பகுதிகளில் நெருக்கமாக வசித்து, ஒரே மாதிரி விருந்து வைத்தால், சோடாக்காரருக்கு அதைவிட நல்ல வாடிக்கையாளர் கிடையாது.

பார்சி கல்யாணப் பந்தியைப் பாருங்கள். மும்பை சர்னி ரோட்டில் உள்ள ஆல்பிலெஸ் பாக் மாதிரி ஒரு மைதானத்தில் நீள மேஜைகள் போட்டு வாழை இலை விரித்திருப்பார்கள். முதலில் ஊறுகாயும் ரொட்டியும், பிறகு வாழை இலையில் பொதிந்து வேகவைத்த மீன், உருளைக்கிழங்குக் குச்சி தூவிய கோழிக் குழம்பு, புலாவ், கடைசியில் கஸ்டர்ட். இதற்கு நடுவே ராஸ்பெர்ரியா, லெமனேடா என்று கேட்டுக்கொண்டே வந்து மூடியைத் திறந்து கையில் கொடுப்பார்கள். ஒரு பந்தி எழுந்ததும் அடுத்த பந்தி உட்காரும். நூற்றுக்கணக்கான பாட்டில் ஒரே ராத்திரியில் ஒரே இடத்தில் திறக்கிறது, காலி பாட்டில் அத்தனையும் அதே மேஜைக்கு அடியில் கிடக்கிறது. மறுநாள் காலையில் ஒரே வண்டியில் அள்ளிக்கொண்டு போகலாம், தொலைவதற்கு வழியே இல்லை. குழந்தைகளுக்கு சமய தீட்சை தரும் நவ்ஜோத் சடங்குக்கும் இதே மாதிரி விருந்து உண்டு.

இரானி ஓட்டலும் அப்படித்தான். பாட்டில் மேஜைக்கு வரும், உட்கார்ந்து குடிப்பார்கள், காலி பாட்டில் அடுக்களைக்குள் திரும்பும். ஓட்டல்காரரும் சோடாக்காரரும் பெரும்பாலும் தெரிந்தவர்கள், சில சமயம் சொந்தக்காரர்கள். டெபாசிட்டுக்கு நச்சரிக்க வேண்டியதில்லை. சமூகப் பாசத்தால் குடித்தார்கள் என்று உருகி எழுதுகிறவர்கள் இந்தக் கணக்கை விட்டுவிடுகிறார்கள். பாசம் இருந்தது, கூடவே அந்தப் பாசம் பாட்டிலைப் பத்திரமாகத் திருப்பி அனுப்பியது.

சுருக்கம்: நெருக்கமான சமூகம் கொடுத்தது விற்பனை மட்டுமல்ல. எப்போது, எங்கே, எத்தனை பாட்டில் போகும் என்ற நிச்சயத்தையும், அத்தனையும் திரும்பி வரும் என்ற நிச்சயத்தையும் கொடுத்தது.

## அப்படியானால் ஏன் குறைந்தார்கள்

பெப்சி ருசியில் ஜெயித்தது என்பது கடைசித் தப்பு. கோக் 1977இல், வெளிநாட்டுப் பங்கை 40 சதவீதமாகக் குறைக்கச் சொன்ன அந்நியச் செலாவணிச் சட்டத்தோடு ஒத்துப்போகாமல் இந்தியாவை விட்டுப் போனது. அடுத்த பதினைந்து வருஷம் உள்ளூர்க்காரர்களுக்கு நல்ல காலம். டியூக்ஸின் மாம்பழ பானமான மாங்கோலா மும்பைக் குழந்தைகளின் நாக்கில் ஊறியது அப்போதுதான். பெப்சி 1990இல் கடைக்கு வந்தது, கோக் 1993இல் திரும்பியது. வந்தவுடனே கோக் செய்த வேலை பார்லே என்ற இந்தியக் கம்பெனியிடமிருந்து தம்ஸ் அப், லிம்கா, கோல்ட் ஸ்பாட், மாசா எல்லாவற்றையும் வாங்கியது. 1994இல் பெப்சி டியூக்ஸை வாங்கியது. ருசியில் தோற்கடிக்க முடிந்திருந்தால் இவற்றை எதற்குக் காசு கொடுத்து வாங்க வேண்டும்? கடைக்காரர்களிடம் பழகிய பெயரும், அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்த விநியோகமும் அவர்களுக்கு வேண்டியிருந்தது. டியூக்ஸ் ராஸ்பெர்ரி பல வருஷம் கடையிலிருந்து காணாமல் போனதற்குக் காரணம் யாரும் கேட்காததல்ல, வாங்கியவர் அதை முன்னிறுத்தவில்லை என்பதுதான் என் கணிப்பு.

அப்புறம் பிளாஸ்டிக் பாட்டில் வந்தது. எடை குறைவு, உடையாது, திரும்பி வர வேண்டாம். கேஸ் மெதுவாகப் பிளாஸ்டிக் சுவர் வழியே கசியும், அதனால் கண்ணாடியில் போல நெடுநாள் சுருக் நிற்காது என்பது ஒரு குறை, ஆனால் வாரத்துக்குள் விற்றுவிடுகிற கம்பெனிக்கு அது குறையே இல்லை. திரும்பி வர வேண்டாம் என்றதும் விநியோக வட்டம் என்ற வேலி விழுந்தது. நூறு கிலோமீட்டர் தாண்டியிருக்கும் பெரிய ஆலையின் பாட்டில் ஆர்தேஷிர் பட்டறைக்கு எதிர்க் கடையிலேயே மலிவாகக் கிடைக்க ஆரம்பித்தது. அதுவரை சின்னவரைக் காப்பாற்றிய கண்ணாடியின் கனம் இப்போது அவருக்கு மட்டும் சுமையானது.

வரியிலும் சலுகை இல்லை. 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது கேஸ் பானத்துக்கு 28 சதவீதம், மேலே 12 சதவீத செஸ் என்ற கூடுதல் வரி, மொத்தம் 40. 2025 செப்டம்பரில் செஸ் போய் நேராக 40 சதவீதமே ஆனது. பல மாநிலத்துக்கு அனுப்பும் ஆலைக்கும் ஒரு தெருவுக்கு அனுப்பும் பட்டறைக்கும் ஒரே விகிதம். இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

வாடிக்கையாளர்களும் குறைந்துகொண்டே வருகிறார்கள். 2001 கணக்கெடுப்பில் இந்தியாவில் பார்சிகள் 69,601 பேர், 2011இல் 57,264. கல்யாணமும் நவ்ஜோத்தும் குறைந்தால் மேஜைக்கு அடியில் சேரும் காலி பாட்டிலும் குறையும்.

இத்தனைக்குப் பிறகும் பல்லோன்ஜியும் ஆர்தேஷிரும் இருக்கிறார்கள், இப்போது அவர்களைத் தேடிப் போகிறவர்களில் பார்சி அல்லாதவர்கள்தான் அதிகம். மும்பைக்கோ புனேக்கோ போனால் குடித்துப் பாருங்கள், நன்றாகக் குளிர்ந்ததாகக் கேளுங்கள், கேஸ் முழுசாக இருக்கும். உட்கார்ந்து குடித்துவிட்டு காலி பாட்டிலைக் கையிலேயே கொடுத்துவிடுங்கள். நினைவுக்காக ஒன்றை வீட்டுக்கு எடுத்துப்போகிறேன் என்று கேட்டால் கல்லாவில் இருப்பவர் தயங்கக்கூடும். ஏன் என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.